கொள்ளளவு எடை

ஈக்காட்டுத்தாங்கலில்
பேட்டரிக் கடைக்கு மேலே ஓர் அறை.
இரண்டு ஜன்னல், ஒன்று மெட்ரோ தூணைப் பார்த்து.
இங்கிருந்துதான்
பனையோலைக் கூடைகளைப்
பின்கோடுகளுக்கு அனுப்புகிறேன்.

கூரியர் தணிகாசலம் டேப்பை நீட்டுவார்.
நீளம், அகலம், உயரம்.
பெருக்கி, ஐயாயிரத்தால் வகுத்தால்
முந்நூறு கிராம் கூடை
இரண்டு கிலோ நூற்று அறுபது ஆகிவிடும்.
"உள்ளே என்ன மேடம்?"
"ஒன்றுமில்லை."
"அதுக்குத்தான் சார்ஜ்."

புதன்கிழமை ரெஜினாள் பேசினாள்.
மணப்பாட்டுக்குத் தெற்கே
மாதா குருசடி ஓரம் மட்டும்
டவர் கிடைக்கும் ஊர்.
"ஆன்லைன்ல தொள்ளாயிரத்து அம்பது போட்டிருக்கு.
எனக்கு முந்நூத்தி எம்பது.
மிச்சம் எங்க போச்சு டீச்சர்?"
நான் டீச்சர் இல்லை.
கேள்வி கேட்குமுன்
எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

சொன்னேன்:
தளத்தின் கமிஷன், அட்டைப்பெட்டி,
'நிறம் பிடிக்கவில்லை' என்று திரும்பி வருபவை,
அறை வாடகை,
கடைசியில், குரல் இறங்கி, என் சம்பளம்.
பிறகு கூடைக்குள் இருக்கும் காற்று.

சிரித்தாள்.
"அது எங்க ஊர்க் காத்துல்லா,
அதுக்கு நான்தான துட்டு கேக்கணும்?"

நானும் சிரித்தேன்.
அவள் நிறுத்திவிட்டாள்.

"இன்னொண்ணு.
படத்துல கூடையைப் பிடிச்சிருக்க கை யாருது?
கீழ என் பேரு போட்டிருக்குன்னு மக சொல்லுதா.
எனக்குப் பெருவிரல்ல ஓலை அறுத்த கோடு இருக்கும்.
அந்தக் கையில ஒண்ணையும் காணோம்."

நந்தனத்திலிருந்து வந்த பெண்ணின் கை அது.
நகப்பூச்சை அழித்துவிட்டு வந்தாள்.
கிராமம் போலத் தெரியட்டும் என்று
கொஞ்சம் மஞ்சள் பூசியது நான்.
'தலைமுறை தலைமுறையாக' என்று
கீழே எழுதியதும் நான்தான்.
ரெஜினாள் பின்னக் கற்றது
ஆறு வருஷத்துக்கு முன்,
மகளிர் குழுப் பயிற்சியில்,
பத்து நாளில், மதியச் சாப்பாட்டோடு.

"அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு குடுத்தீங்க?"
"மணிக்கு ஆயிரத்து ஐநூறு."
கொஞ்ச நேரம் கடல் மட்டும் கேட்டது.
"கூடையைச் சும்மா பிடிச்சதுக்கு
நாலு கூடைத் துட்டு.
சரி. குறிச்சுக்கிடுதேன்."

அடுத்த வெள்ளி, கத்திப்பாராவில் தண்ணீர் தேங்கிய மழையில்
பார்சல் வந்தது.
பார்க்க ஒரே ஒரு கூடை.
மூடியைத் திறந்தால் உள்ளே ஒன்று,
அதற்குள் ஒன்று, அதற்குள் ஒன்று,
அஞ்சாவதில்
ஓர் எலுமிச்சம்பழம்தான் உட்காரும்.

தணிகாசலம் அளந்தார்.
அதே நீளம், அதே அகலம், அதே உயரம்.
"உள்ளே என்ன மேடம்?"
"நாலு கூடை."
கருவியைத் தட்டிப் பார்த்தார்.
காற்றுக்கு வாங்கிய காசில்
நாலு கூடை ஓசியில் போவதை
அவரால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.
ரசீது மட்டும் கிழித்துக் கொடுத்தார்.

எலுமிச்சை அளவுக் கூடையில்
நாலாய் மடித்த கோடு போட்ட தாள்,
மகளின் பள்ளிக்கூடக் கையெழுத்தில்:
அஞ்சு கூடை செட் — ஆயிரத்து நானூறு.
கை, ஒரு படத்துக்கு — முந்நூறு.

படம் போனில் ஏற்கெனவே வந்திருந்தது.
வெளிச்சம் போதாது.
பின்னால் நீலப் பிளாஸ்டிக் டிரம்,
பாதி ஆடு.
முன்னால் கூடையை அல்ல,
கேமராவைத் தடுப்பது போல் நீட்டிய கை.
பெருவிரலில் அந்தக் கோடு.

அதையே ஏற்றினேன்.
'தலைமுறை'யை அழித்தேன்,
அந்த இடத்தில் வேறொன்றும் எழுத வரவில்லை.
பணம் அனுப்பினேன்.
கணக்கில் ஏற்றும்போது
திரை தலைப்பு கேட்கிறது:
பேக்கிங், போக்குவரத்து, விளம்பரம், இதர.

கீழே பேட்டரிக் கடை ஷட்டர் இறங்குகிறது.
முந்நூறு ரூபாய் இன்னும்
எந்தத் தலைப்பிலும் உட்காராமல்
மினுக்கிக்கொண்டிருக்கிறது.